விம்பிள்டன் வரிசையில் நின்று அன்றைய டிக்கெட்டை அன்றைக்கே வாங்குவது எப்படி?

உலகின் பெரிய விளையாட்டுப் போட்டிகள் பலவற்றுக்கு, ஆட்ட நாளன்று காலையில் வாசலில் போய் நின்றால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். டிக்கெட் பல மாதங்களுக்கு முன்பே விற்றுத் தீர்ந்திருக்கும். விம்பிள்டன் டென்னிஸ் போட்டி அப்படியல்ல. ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ ஆரம்பித்துப் பதினான்கு நாள் நடக்கும் அந்தப் போட்டியில், வரிசையில் வந்து நிற்பவர்களுக்கென்றே தினமும் ஆயிரக்கணக்கான டிக்கெட்டுகளை ஒதுக்கி வைக்கிறார்கள். சிபாரிசு வேண்டாம், தெரிந்தவர் வேண்டாம். யார் முன்னால் வந்தாரோ அவருக்கு முன்னால் கிடைக்கும். லண்டனில் வசிப்பவர்களும், கோடையில் அந்தப் பக்கம் போகிறவர்களும் இந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே முதல்முறை போகிறவருக்காக எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்கிறேன்.

முன்பதிவு செய்ய வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்தில் விம்பிள்டன் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கலாம். 1924 முதல் இருந்துவரும் முறை அது. ஆனால் எந்த நாள், எந்தக் கோர்ட் என்பதையெல்லாம் குலுக்கல்தான் முடிவு செய்யும். பெயர் கொடுத்து வையுங்கள். அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள்.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுவே முக்கியம் என்பேன். நான் முதல்முறை போனபோது இரண்டாவது வாரத்து வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். போட்டி முற்ற முற்ற ஆட்டமும் சிறப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அன்று பெண்கள் அரையிறுதி. இரண்டுமே சென்டர் கோர்ட் என்ற முதன்மை அரங்கில். கடைசி நான்கு நாட்களில் வரிசையில் நிற்பவர்களுக்கு சென்டர் கோர்ட் டிக்கெட் கிடையாது என்பதை அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். வெளிக் கோர்ட்டுகளில் இளையோர் ஆட்டங்களும் இரட்டையர் ஆட்டங்களும் பார்த்தேன். அவையும் நல்ல ஆட்டங்கள்தான். ஆனால் நான் பார்க்க வந்தது அவற்றை அல்ல.

முதல் வாரத்தில் போங்கள். காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் சொல்லிவிடலாம். ஒற்றையர் பிரிவில் ஆண்கள் 128 பேர், பெண்கள் 128 பேர். முதல் சுற்றில் மட்டும் 128 ஆட்டங்கள். அவை பெரும்பாலும் திங்கள், செவ்வாய் இரண்டே நாளில் நடக்கின்றன. அதாவது காலை முதல் இருட்டும் வரை எல்லாக் கோர்ட்டிலும் உலகின் முன்னணி வீரர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். சாதாரணக் கோர்ட் ஒன்றில், உங்களுக்கு நான்கடி தூரத்தில், முதல் முப்பது இடத்துக்குள் இருக்கும் வீரர் சர்வ் போடுவார். இரண்டாவது வாரத்தில் பெரிய பெயர்கள் எல்லாம் பெரிய அரங்குகளுக்குள் போய்விடும். செவ்வாய், புதன், வியாழன் மூன்றில் ஒன்று என்றால் இன்னும் நல்லது. சனிக்கிழமை கூட்டம் அதிகம்.

வானிலையையும் பாருங்கள். சென்டர் கோர்ட்டுக்கு 2009இலும் நம்பர் 1 கோர்ட்டுக்கு 2019இலும் மூடித் திறக்கும் கூரை வந்தது. மற்ற எதற்கும் கூரை இல்லை. புல்தரை என்பதால் சிறு தூறல் விழுந்தாலும் வழுக்கும். உடனே ஆட்டத்தை நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். நாள் முழுக்க மழை என்று அறிவிப்பு இருந்தால், உங்களால் முடியுமானால், பயணத்தை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள்.

இரண்டாம் படி: எந்த டிக்கெட் என்று முடிவு செய்யுங்கள்

வரிசையில் இரண்டு வகை டிக்கெட் கிடைக்கும். சென்டர் கோர்ட், நம்பர் 1, நம்பர் 2 என்ற மூன்று பெரிய அரங்குகளுக்கும் தலா சுமார் 500 இருக்கைகள் ஒன்று. இவை தீர்ந்த பிறகு வளாகத்துக்குள் நுழையும் கிரவுண்ட் பாஸ் இன்னொன்று. கிரவுண்ட் பாஸ் வைத்திருப்பவர் இடம் ஒதுக்கப்படாத கோர்ட் எதிலும் போய் உட்காரலாம், நிற்கலாம். 2024இல் முதல் வாரத்தில் அதன் விலை 30 பவுண்டு. ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அரங்க இருக்கை வேண்டுமென்றால் முந்தின நாளே போய்க் கூடாரம் போட்டுப் படுக்க வேண்டும். கிரவுண்ட் பாஸ் போதும் என்றால் அதிகாலையில் போனால் போதும்.

முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது கிரவுண்ட் பாஸ். இதைக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் குறைந்த சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். டென்னிஸ் வரலாற்றிலேயே மிக நீண்ட ஆட்டம் சென்டர் கோர்ட்டில் நடக்கவில்லை. 2010 ஜூன் 22 அன்று மாலை, 18ஆம் கோர்ட்டில், அமெரிக்காவின் ஜான் இஸ்னரும் தகுதிச்சுற்றில் ஆடி உள்ளே வந்த பிரான்ஸின் நிக்கோலா மஹூவும் முதல் சுற்றில் மோதினார்கள். இருட்டியதும் நிறுத்தினார்கள். மறுநாள் தொடர்ந்தார்கள். ஐந்தாவது செட்டில் 47-47 ஆனபோது ஸ்கோர் பலகை அதற்கு மேல் எண்ணத் தெரியாமல் நின்றுவிட்டது. 59-59இல் மறுபடியும் இருட்டியது. மூன்றாம் நாள் 70-68 என்று இஸ்னர் வென்றார். மொத்தம் 11 மணி 5 நிமிடம், 183 கேம்கள். எண்ணூறு பேர்கூட உட்கார முடியாத ஒரு சிறிய கோர்ட் அது. இப்போது அங்கே அதற்கு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். அப்படி ஓர் ஆட்டத்தை இனி யாரும் பார்க்க முடியாது; 2022 முதல் கடைசி செட்டில் 6-6 வந்தால் டை-பிரேக் என்ற பத்துப் புள்ளிப் போட்டி வைத்து முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த 18ஆம் கோர்ட்டில் கிரவுண்ட் பாஸோடு நீங்கள் போய் உட்காரலாம்.

மூன்றாம் படி: முந்தின நாள் இரவே மூட்டையைக் கட்டுங்கள்

விம்பிள்டன் செயலியை உங்கள் போனில் ஏற்றி, கணக்கும் தொடங்கி வையுங்கள். வரிசையில் நின்றுகொண்டு கடவுச்சொல் தேடுவது தேவையற்ற பதற்றம். பணம் கொடுக்க வங்கி அட்டை வேண்டும். ரொக்கத்தை நம்பிப் போகாதீர்கள். போனுக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்க், மழைச்சட்டை, தொப்பி, வெயிலுக்குப் பூசும் கிரீம் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் ஜூலையில் ஒரே நாளில் இவை அத்தனையும் தேவைப்படலாம். புல்லில் விரித்து உட்கார ஒரு பழைய போர்வையும் வேண்டும். விடியற்காலைப் புல் ஈரமாக இருக்கும். அடியில் பிளாஸ்டிக் பூசிய விரிப்பாக இருந்தால் மிக நல்லது.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம், உள்ளேயும் எடுத்துப் போகலாம். இது பலருக்குத் தெரியவில்லை. ஆறிப்போனாலும் சாப்பிட ஏற்ற புளியோதரை, எலுமிச்சைச் சாதம், சப்பாத்திச் சுருள் என்று எதுவும் சரி. வளாகத்துக்குள் உணவு விலை அதிகம். விதிவிலக்கு ஸ்ட்ராபெரியும் கிரீமும். 2010 முதல் 2024 வரை இரண்டரை பவுண்டுக்கே விற்றார்கள். 2025இல்தான் 20 பென்ஸ் கூட்டினார்கள். அதைக் கட்டாயம் வாங்கிச் சாப்பிடுங்கள்.

ஒருவருக்கு ஒரு பைதான். 40 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரத்துக்குள் இருக்க வேண்டும். கெட்டியான பெட்டி, செல்ஃபி குச்சி இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கூடாரம் எடுத்துப்போகிறவர்கள் இருவர் படுக்கும் அளவுக்கு மேல் பெரியது கொண்டுபோகக் கூடாது. காலையில் அதை மடித்துப் பொருள் காப்பகத்தில் கட்டணம் கட்டி வைத்துவிடலாம்.

நான்காம் படி: சரியான ஸ்டேஷனில் இறங்குங்கள்

பெயரைப் பார்த்து எல்லோரும் விம்பிள்டன் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். வரிசைக்குப் பக்கம் அது அல்ல, சவுத்ஃபீல்ட்ஸ். டிஸ்ட்ரிக்ட் லைனில் விம்பிள்டன் செல்லும் கிளையில் வரும். அங்கிருந்து விம்பிள்டன் பார்க் ரோடு வழியாகப் பதினைந்து நிமிட நடை. மைதானத்துக்கு எதிரே உள்ள விம்பிள்டன் பார்க் என்ற பெரிய பூங்காவில்தான் வரிசை. ஆறு, ஆறரை மணிக்குள் அங்கே இருக்கும்படி கிளம்புங்கள்.

ஐந்தாம் படி: அட்டையை வாங்குங்கள், அதைத் தொலைக்காதீர்கள்

பூங்காவுக்குள் நுழைந்ததும் பணியாளர்கள் உங்களை வரிசையின் கடைசிக்கு அனுப்புவார்கள். அங்கே தேதியும் எண்ணும் அச்சிட்ட அட்டை ஒன்று தருவார்கள். உங்கள் இடத்துக்கு அத்தாட்சி அதுதான். இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. பின்னால் வரும் நண்பருக்காக இடம் பிடித்து வைக்கவும் முடியாது. சேர்ந்து போக வேண்டுமென்றால் சேர்ந்தே வந்து நிற்க வேண்டும். நம் ஊரில் துண்டு போட்டு இடம் பிடிப்போம். இங்கே அது செல்லாது. அந்தக் கண்டிப்பு இருப்பதால்தான் ஆயிரக்கணக்கான பேர் ஒரு தள்ளுமுள்ளும் இல்லாமல் புல்லில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் காட்சியே மனத்துக்கு நிறைவாக இருந்தது.

அட்டையின் எண்ணைப் பாருங்கள். மூன்று அரங்குக்கும் சேர்த்துச் சுமார் 1,500 இருக்கைகள். உங்கள் எண் அதற்குள் இருந்தால் அரங்க இருக்கை கிடைக்க வாய்ப்பு உண்டு. காலையில் பணியாளர்கள் வரிசையில் வந்து, அரங்குக்கு ஒரு நிறமாகக் கைப்பட்டை கட்டுவார்கள். எண் மிகவும் தள்ளியிருந்தால் கிரவுண்ட் பாஸ்.

கழிப்பறைக்கோ தேநீருக்கோ போய்வரலாம். அரை மணி நேரத்துக்கு மேல் இடத்தை விட்டுப் போகக் கூடாது. அந்த நேரம் வரை பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவரோடு பேசவும் செய்யுங்கள். பல ஆண்டுகளாக வருகிறவர்கள் அங்கே உண்டு. எந்தக் கோர்ட்டில் எந்தப் பக்கம் நிழல் விழும் என்பது வரை சொல்வார்கள். நீங்கள் சென்னைக்காரர் என்றால் சொல்வதற்கு உங்களிடமும் ஒன்று இருக்கிறது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் வாழ்ந்த ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் இங்கே இளையோர் பட்டம் வென்றார். 1960, 1961 இரண்டு ஆண்டும் அரையிறுதிவரை போனார். இரண்டாவது முறை அவரைத் தோற்கடித்தவர் ஆஸ்திரேலிய வீரர் ராட் லேவர். 1979இல் அவருடைய மகன் ரமேஷும் அதே இளையோர் பட்டத்தை வென்றார்.

ஆறாம் படி: உள்ளே போனதும் முதல் அரை மணி

பத்து மணிக்கு வாசல் திறக்கும். பைகளைச் சோதித்து, டிக்கெட் கொடுத்து உள்ளே விடுவார்கள். வெளிக் கோர்ட்டுகளில் ஆட்டம் பதினொரு மணிக்குத் தொடங்கும். நம்பர் 1இல் ஒரு மணிக்கு, சென்டர் கோர்ட்டில் ஒன்றரைக்கு. எந்தக் கோர்ட்டில் யார் ஆடுகிறார்கள் என்ற பட்டியல் முந்தின நாளே வெளியாகிவிடும். வரிசையில் காத்திருக்கும்போதே படித்து, ஓர் ஆட்டத்தை முடிவு செய்துவையுங்கள். உள்ளே போனதும் நேராக அந்தக் கோர்ட்டுக்குப் போய் இடம் பிடியுங்கள். பரிசுப் பொருள் கடையும் புகைப்படமும் மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். மொத்தம் பதினெட்டு கோர்ட். 13 என்ற எண்ணில் ஒன்று கிடையாது, தேடி அலையாதீர்கள்.

வீரர்கள் பக்கம் மாறும்போது மட்டுமே உள்ளே வரவோ வெளியே போகவோ விடுவார்கள். சர்வ் போடும்போது பேச்சு கூடாது. தொலைக்காட்சியில் தெரியாத ஒன்று இங்கே தெரியும்: பந்து எவ்வளவு தாழ்வாகச் சறுக்கி வருகிறது என்பது. புல்லை எட்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்திருப்பார்கள். அதில் விழும் பந்து எழும்பாமல் வழுக்கி ஓடும். வீரர்கள் முழங்காலை மடக்கிக் கிட்டத்தட்டத் தரையோடு இறங்கி எடுப்பார்கள். அந்த உழைப்பை முதல் வரிசையிலிருந்து பார்த்துவிட்டால் பிறகு தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டமும் வேறாகத் தெரியும்.

ஏழாம் படி: மூன்று மணிக்கு மேல் பெரிய அரங்கு

அரங்க டிக்கெட் வைத்திருப்பவர்கள் சீக்கிரம் கிளம்பும்போது தங்கள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவற்றை மதியம் மூன்று மணி முதல், 18ஆம் கோர்ட்டுக்கு அருகே மேட்டில் உள்ள கூண்டில் மறுவிற்பனை செய்கிறார்கள். அந்தப் பணம் அறப்பணிக்குப் போகிறது. இதற்கான வரிசையில் செயலி வழியாகவே சேரலாம். 2024இல் சென்டர் கோர்ட் இருக்கை 15 பவுண்டு. காலையில் கிரவுண்ட் பாஸோடு நுழைந்தவர் மாலை ஆறு மணிக்கு சென்டர் கோர்ட்டில் உட்கார்ந்திருப்பது சாதாரணமாக நடக்கும் விஷயம். கிடைக்காவிட்டால் மேட்டுப் புல்வெளிக்கு வாருங்கள். எல்லோரும் ஹென்மன் ஹில் என்று அழைக்கும் இடம். பெரிய திரையில் அரங்க ஆட்டத்தைப் பார்க்கலாம்.

அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள். ஜூலையில் லண்டனில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். கூட்டம் கலைந்த பிறகு, ஏழரை எட்டு மணிக்கு, ஏதோ ஒரு வெளிக் கோர்ட்டில் ஐந்தாவது செட் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் எட்டிப் பார்க்கவும் இடமில்லாத கோர்ட்டில் முதல் வரிசையே காலியாக இருக்கும். அதையும் பார்த்துவிட்டு, வந்த வழியாகவே சவுத்ஃபீல்ட்ஸுக்கு நடங்கள். பூங்காப் பக்கம் திரும்பிப் பார்த்தால், மறுநாள் டிக்கெட்டுக்காக வந்தவர்கள் கூடாரம் அடித்து முடித்து, கையில் அட்டையோடு புல்லில் உட்கார்ந்திருப்பார்கள்.