ஜெனரேட்டர் வாங்கும்போதும் ஓட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, திருப்பூர், சிவகாசிப் பக்கம் சிறுதொழில் நடத்துபவர்கள் 2012ஐ மறந்திருக்க மாட்டார்கள். சென்னையைத் தாண்டினால் பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. கடன் வாங்கியாவது ஜெனரேட்டர் வைத்தவர்கள்தான் ஆர்டரை நேரத்துக்கு முடித்துக்கொடுத்தார்கள். அந்த அவசரத்தில் கிடைத்த சைஸை வாங்கிப்போட்டதில் தப்பில்லை. நிலைமை மாறிய பிறகும் அதே கணக்கில் வாங்குவதுதான் வேடிக்கை.

"நாளைக்கு ரெண்டு மெஷின் சேர்ப்பீங்க, இப்பவே பெரிசா போட்டுடுங்க" என்று விற்பவர் சொல்வார். அவர் அப்படித்தான் சொல்வார். ஆனால் டீசல் இன்ஜின் விஷயத்தில் பெரிதாக வாங்குவது பாதுகாப்பு அல்ல. பெரும்பாலும் அதுதான் இருப்பதிலேயே செலவு பிடிக்கும் தவறு.

காரணம் டீசல் இன்ஜின் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை நெருக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறார்கள். லோடு குறைந்தால் சிலிண்டர் போதிய சூடு ஏறாது. டீசல் முழுக்க எரியாது. பிஸ்டன் ரிங்குகள் லைனர் (சிலிண்டரின் உள் உறை) சுவரோடு இறுக்கமாக உட்காரவும் உள்ளே எரியும் வாயுவின் அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம் இல்லாதபோது ஆயில் மேலே ஏறுகிறது, லைனர் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகிறது, சைலன்சர் இணைப்புகளில் கறுப்பாக எண்ணெய் கசிகிறது. ஆயில் குடிக்கிறது என்று மெக்கானிக் இன்ஜினைக் குறை சொல்வார். குறை லோடில் இருக்கிறது.

125 கே.வி.ஏ. ஜெனரேட்டர் செட் என்றால், பவர் ஃபாக்டர் (கே.வி.ஏ.வில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.8 கணக்கில், 100 கிலோவாட். பட்டறையின் உண்மையான லோடு 30 கிலோவாட் என்றால் அது மூன்றில் ஒரு பங்குகூட வேலை செய்யவில்லை. இரவில் லைட்டும் ஃபேனும் ஆபீஸ் ஏசியும் மட்டும் ஓடினால் 10 சதவீதம். 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டாதீர்கள் என்பது இன்ஜின்காரர்கள் பலரும் சொல்லும் எல்லை. நல்ல லோடில் லிட்டருக்கு 3 யூனிட்டுக்கு மேல் தரும் இன்ஜின், பத்து சதவீத லோடில் 2 யூனிட் தரவே திணறும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் டீசல் விற்கும்போது யூனிட் விலை எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பெரிய செட் ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால், மாதம் ஒருமுறையாவது மெஷின்களை எல்லாம் சேர்த்து ஓட்டி, 70 சதவீத லோடில் ஒரு மணி நேரம் விடுங்கள். சேர்ந்த கரி ஓரளவு எரிந்து போகும்.

சரி, எவ்வளவு வேண்டும் என்று எப்படித் தெரியும்? மோட்டார்களின் நேம்பிளேட்டை எல்லாம் கூட்டிப் பார்ப்பது அடுத்த தவறு. எல்லாம் ஒரே நேரத்தில் முழு லோடில் ஓடுவதில்லை. எலக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் பார்க்கும் மீட்டர்) இருக்கும். பிஸியான ஒரு வாரம் முழுக்க மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அதில் வரும் உச்ச அளவும், அதற்கு மேல் பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்டும்தான் உங்கள் கணக்கு. நேரடியாக ஸ்டார்ட் செய்யும் மோட்டார் அந்தச் சில நொடிகளில் ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். மோட்டாரை மெதுவாகத் தொடங்கவைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே ஒரு கம்ப்ரசருக்காக அடுத்த சைஸ் ஜெனரேட்டருக்குப் போவதைவிட, அந்தக் கம்ப்ரசருக்கு நல்ல ஸ்டார்ட்டர் வாங்குவது மலிவு.

மலைமேல் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு கூடுதல். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் பாகம்) இல்லாத இன்ஜின் 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். குன்னூர் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும்.

பலர் கவனிக்காத ஒன்று, கெப்பாசிட்டர் பேனல். மின்வாரிய பில்லில் பவர் ஃபாக்டர் அபராதம் வராமலிருக்க வைத்த கெப்பாசிட்டர்களை ஜெனரேட்டர் ஓடும்போதும் இணைப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். லோடு குறைவாக இருக்கையில் இவை ஆல்டர்னேட்டரின் (ஜெனரேட்டரில் கரண்ட் உண்டாக்கும் பாகம்) வோல்டேஜை ஏற்றிவிடும். மெஷின்களின் எலக்ட்ரானிக் போர்டுகள் புகைந்த பிறகு 'ஜெனரேட்டர் கரண்ட் சரியில்லை' என்று பேச்சு வரும். ஜெனரேட்டருக்கு மாறியதும் கெப்பாசிட்டர்கள் தானாகக் கழன்றுகொள்ளும்படி ஒயரிங் செய்வது சின்ன வேலைதான்.

கூரையில் சோலார் போட்டவர்களுக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும், அதையே கிரிட் (மின்வாரிய லைன்) என்று நினைத்து சோலார் இன்வெர்ட்டர் இணைந்துகொள்ளலாம். மத்தியான வெயிலில் லோடு முழுவதையும் சோலார் எடுத்துக்கொண்டால் இன்ஜின் வெறுமனே சுற்றும். சோலார் மிஞ்சினால் கரண்ட் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே திரும்பி வரும். சோலாரைக் கட்டுப்படுத்தி ஜெனரேட்டருக்குக் குறைந்தபட்ச லோடு விட்டுவைக்கும் கன்ட்ரோலர் கிடைக்கிறது. அதைப் போடாமல் இரண்டையும் ஒன்றாக ஓட்டாதீர்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் பணம் போகும் தவறுகள். இரண்டு தவறுகளில் உயிர் போகும்.

ஒன்று, மின்வாரிய லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டரை இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் ஒயரை நேராக போர்டில் சொருகுவது. அந்தக் கரண்ட் சர்வீஸ் லைன் வழியாக வெளியேறி, டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறிவிடும். சப்ளை இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அந்தக் கம்பியைத்தான் தொடுவார். மற்றொன்று, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரை ஓட்டுவது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தலை சுற்றுகிறதே என்று உட்காருபவர் எழுந்திருக்க மாட்டார். ஜன்னல் திறந்திருக்கிறது என்பது சமாதானமே அல்ல. மெஷின் வெளியே இருக்க வேண்டும்.

பெரிய செட்டுகளுக்கு அறை கட்டுபவர்கள், ரேடியேட்டர் தள்ளும் சூடான காற்று வெளியே போக வழி விடாமல் கட்டிவிடுகிறார்கள். அதே காற்று சுற்றிவந்து மறுபடி இன்ஜினுக்குள் போகும். ஏப்ரல், மே மாதங்களில் அடிக்கடி ஹை டெம்பரேச்சரில் நின்றால் தெர்மோஸ்டாட்டை மாற்றும் முன் அறையைப் பாருங்கள்.

பராமரிப்பில் அதிகம் கெடுப்பது தண்ணீர். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து சூடு வெளியேறாது. இன்ஜின் புத்தகத்தில் சொன்ன கூலண்ட்டை, சொன்ன விகிதத்தில் ஊற்றுங்கள். ஆயில் மாற்ற ஹவர் மீட்டரை மட்டும் பார்ப்பதும் தவறு. வருடத்துக்கு நாற்பது மணி நேரமே ஓடிய இன்ஜினிலும் ஆயில் ஈரம் பிடித்துக் கெடும். மணிக்கணக்கு, மாதக்கணக்கு இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ஸ்டார்ட் ஆகவில்லை என்ற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி பேட்டரிதான். டர்போ உள்ள இன்ஜினை லோடு எடுத்தவுடன் அணைக்காமல் மூன்று நான்கு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும்.

1.7.2023 முதல் புதிதாக வரும் செட்டுகள் சி.பி.சி.பி. (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்) நான்கு பிளஸ் புகை விதிகளின்படி தயாராகின்றன. பெரிய இன்ஜின்களில் பலவற்றுக்கு யூரியா கரைசலும் ஊற்ற வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் பாகங்களுக்குச் சூடு தேவை என்பதால், குறைந்த லோடில் ஓட்டும் பழக்கத்தைப் பழைய இன்ஜின் பொறுத்துக்கொண்ட அளவுக்குப் புதியது பொறுக்காது. கேனில் மாதக்கணக்கில் கிடந்த டீசலையும் அதன் இன்ஜெக்டர்கள் பொறுக்காது. இதில் எலக்ட்ரானிக்ஸ் அதிகம் என்பதால், ஸ்பானரோடு வரும் நம்மூர் மெக்கானிக் கோளாறு பார்க்க லேப்டாப்போடும் வருவாரா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

இந்தத் தலைவலி வேண்டாம் என்று பழையதைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். அதில் பெயின்ட்டையும் ஹவர் மீட்டரையும் நம்ப வேண்டாம். இரண்டையும் மாற்றுவது எளிது. நீங்கள் போவதற்கு முன் ஓட்டி வைக்காமல், ஆறிய இன்ஜினை உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூடானதும் பிரீதர் குழாயில் (இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயு வெளியேறும் குழாய்) புகை குபுகுபுவென வந்தால் ரிங் போயிருக்கிறது. முக்கால்வாசி லோடு கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டத் தயங்குபவரிடம் விலை பேச உட்கார வேண்டியதில்லை.