மாதாந்தரப் பறவை பார்க்கும் இலக்கு: குமரியில் எங்கே சறுக்குகிறது?

"இந்த மாசம் நூறு வகை பார்த்திரணும்" என்று கிளம்புகிறவர்களில் பலர் இரண்டாம் வாரத்திலேயே பைனாகுலரை உறைக்குள் வைத்துவிடுகிறார்கள். தேரூர், சுசீந்திரம், மணக்குடி என்று சுற்றும் புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் இவை. தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வகைக் கணக்கை இலக்காக வைப்பது

வலசைப் பறவைகள் செப்டம்பரில் வரத் தொடங்கும். ஏப்ரலுக்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும். ஜூனில் நூறு என்றால் எங்கிருந்து வரும்? மாதம் 12 பட்டியல் (ஒரு முறை பார்த்த பறவைகளின் பதிவு), ஒவ்வொன்றும் குறைந்தது 15 நிமிடம், அதில் 8 வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில் என்று வையுங்கள். மழை நாளில் மொட்டைமாடிப் பட்டியலும் சேர்த்திதான்.

நாள் முழுச் சுற்றையும் ஒரே பட்டியலில் கொட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இது. காலை ஆறரைக்குத் தேரூரில் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில் பட்டியலைத் தொடங்குவார்கள். அதை நிறுத்தாமலே வண்டியில் சுசீந்திரம், புத்தளம் உப்பளம், பழையாறு கடலில் சேரும் மணக்குடி. பதினொன்றரைக்குப் பார்த்தால் 60 வகை, ஐந்து மணி நேரம். இடம் மட்டும் 'தேரூர்'. மணக்குடிக் காயலில் பார்த்த ஆலாவும் உப்பளத்து உள்ளானும் குளத்துக் கணக்கில் ஏறிவிடும். அடுத்த ஜனவரியில் தேரூரில் நீலச்சிறகி வாத்து கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட அந்தப் பட்டியல் உதவவே உதவாது. சுசீந்திரம்–தேரூர் 2022-இல் ராம்சார் தலமான, அதாவது உலக அளவில் முக்கியமானதாக அறிவிக்கப்பட்ட, நீர்நிலை. அதன் கணக்கில் இப்படிக் குப்பை சேர்க்கலாமா?

வண்டியை விட்டு இறங்கியதும் புதுப் பட்டியல். ஏறும் முன் நிறுத்தம். 30 மீட்டருக்குள் நின்று பார்த்தால் ஓரிடப் பட்டியல், கரையோரம் நடந்தால் பயணப் பட்டியல். நடையை ஒன்றிரண்டு கிலோமீட்டரில் முடியுங்கள். எப்படியும் 8-ஐத் தாண்டக் கூடாது. போன வழியே திரும்பினால் தூரம் ஒருவழிதான்; அதே பறவைகளை மறுபடி எண்ணாதீர்கள். நிறுத்த மறந்து வண்டி ஓடிவிட்டால், அனுப்பும் முன் தூரத்தையும் நேரத்தையும் கையால் திருத்தலாம். அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும், காக்கை மைனா உட்பட, எழுதியிருந்தால் மட்டும் 'முழுப் பட்டியலா' என்ற கேள்விக்கு ஆம் சொல்லுங்கள்.

எண்ணாமல் 'எக்ஸ்' போடுவது

'பார்த்தேன், எண்ணவில்லை' என்பதற்குச் செயலியில் போடும் குறி 'எக்ஸ்'. அதற்குப் பதில் கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவையை எண்ணுங்கள். அந்த அகலத்தைக் கண்ணில் பிடித்துக்கொண்டு மிச்சக் கூட்டத்தை அளந்துகொண்டே போங்கள். பதினெட்டு முறை வந்தால் 180. பறந்த பிறகு குத்துமதிப்பாக 500 போடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

காலையில் மேற்குக் கரை

கண் கூசும், வாத்தெல்லாம் கறுப்பாகத் தெரியும். கிழக்குக் கரைக்குப் போங்கள்.

டிசம்பர் நீலச்சிறகி

ஆணின் வெள்ளைப் புருவம் அப்போது எடுப்பாக இராது. 'எல்லாம் பெட்டை' என்று குறிப்பு எழுதாதீர்கள். பிப்ரவரியில் மறுபடி பாருங்கள்.

மெர்லின் செயலி குரலை வைத்துக் காட்டியதை அப்படியே பதிவது

உங்கள் காதுக்கும் கேட்டதா? இல்லையென்றால் விடுங்கள்.

கூட்டைப் படமெடுப்பது

வேண்டாம்.