சண்டை மிரட்டல், கதை சுமார்: ஆக்‌ஷன் அனிமே பார்த்துத் தீர்ப்பு சொல்வதில் நாம் சறுக்கும் இடங்கள்

"இந்த ஃபைட்டை மட்டும் பாரு, மிச்சத்தை விட்டுடு" என்று நண்பர் ஒருவர் ஏதாவது அனிமேயிலிருந்து (ஜப்பானிய அனிமேஷன்) இரண்டு நிமிட கிளிப் அனுப்புவார். பார்த்துவிட்டு ஒன்று ஆஹா ஓஹோ என்போம், இல்லையென்றால் "வெறும் பளபளப்பு, உள்ளே ஒண்ணும் இல்லை" என்று ஒதுக்கிவிடுவோம். நானும் பல வருஷம் இப்படித்தான் பேசித் திரிந்தேன்.

சண்டை வேறு, கதை வேறு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் முதல் சறுக்கல். 2019 ஆகஸ்டில் வந்த, டீமன் ஸ்லேயர் தொடரின் 19ஆவது எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். யூஃபோடேபிள் ஸ்டூடியோ அதில் நெருப்பையும் நூலையும் வைத்து மிரட்டியிருக்கிறது, சரி. ஆனால் மோதுவது யார்? அடித்து உருட்டி ஒரு பொய்க் குடும்பத்தைச் சேர்த்து வைத்திருக்கும் ரூய் என்ற அசுரன் ஒரு பக்கம், அசுரப் பிறவியாக மாறிவிட்ட தங்கையைப் பெட்டிக்குள் வைத்து முதுகில் சுமக்கும் நாயகன் தஞ்சிரோ மறுபக்கம். வாள் உடைந்து சாகப்போகும் நேரத்தில் அவனுக்கு அப்பா ஆடிய நடனம் ஞாபகம் வருகிறது, தங்கையின் ரத்தம் தீயாகப் பற்றுகிறது. அந்தத் தீ நம்மைச் சுடுகிறது என்றால், முந்தைய 18 எபிசோட்களாக நாம் இவர்கள் கூடவே நடந்து வந்ததுதான் காரணம், கிளிப் மட்டும் பார்த்தவருக்கு அது வெறும் கலர் தீ.

எளிய கதையை பலவீனமான கதை என்று நினைத்துக்கொள்வதும் உண்டு. 'தங்கையை மறுபடி மனுஷியாக்கணும்' என்பது ஒரே வரிக் கதை, அதில் தப்பே இல்லை. எனக்கு இந்தத் தொடரில் இடிப்பது வேறு: எதிரி சாகும் நேரம் பார்த்து அவனுடைய சோகக் கதையைச் சொல்லி நம்மை அழவைக்கிற அந்த ஒரே வாய்ப்பாடு. ரூய்க்குச் செய்தபோது புதிதாக இருந்தது. 2025இல் தமிழ் டப்பிங்கோடு நம் தியேட்டர்களுக்கும் வந்த, இதே தொடரின் இன்ஃபினிட்டி காஸில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம், அதில் சண்டை உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் ஃபிளாஷ்பேக் குறுக்கே வந்து நின்றது. அகாசா என்ற எதிரியின் கதை மட்டும் அந்தக் குறையை மறக்கவைத்தது என்பேன், அடிக்க வருபவர்கள் வரலாம்.

சோலோ லெவலிங் தொடரில் சிக்கல் வேறு. அதில் என்னை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்தது, எல்லாரும் கொண்டாடும் ஜேஜு தீவுச் சண்டை இல்லை. ஆரம்ப எபிசோட்களில், கற்சிலைகள் நிற்கும் ஒரு கோயிலுக்குள் மாட்டிக்கொண்டு, எந்த விதியை மீறினால் சாவோம் என்றே தெரியாமல் நாயகன் ஜின்வூ நடுங்குவானே, அந்த இடம்தான். அவன் தோற்கலாம், சாகலாம், காலே போய்விட்டது. பலம் ஏற ஏற அவன் ஜெயிப்பான் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, சுற்றியுள்ளவர்கள் வாய் பிளந்து வேடிக்கை பார்க்கவே இருக்கிறார்கள். ஏ-1 பிக்சர்ஸ் எவ்வளவு அழகாக வரைந்தாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது. சந்தேகம் வந்தால் ஒன்று செய்து பாருங்கள்: சண்டை முடிந்ததும், யார் யாரை எதால் அடித்தார்கள் என்பதை விட்டுவிட்டு, யாருக்கு என்ன மாறியது என்று ஒரு வரி சொல்லிப் பாருங்கள். 'இன்னும் பலசாலி ஆகிட்டான்' என்பதைத் தவிர எதுவும் வரவில்லையா, குறை கதையில்தான்.

ஒரு குத்திலேயே எல்லாம் முடிந்துவிடும் ஒன் பன்ச் மேன் தொடர் எப்படித் தப்பித்தது என்று கேட்பீர்கள். அங்கே 'ஜெயிப்பானா' என்பது கேள்வியே இல்லை, ஜெயித்து ஜெயித்துச் சலித்துப்போனவனின் வெறுமைதான் கதை.

அப்புறம், பணம் கொட்டினால்தான் சண்டை அழகாக வரும் என்கிற இந்த 'பட்ஜெட்' பேச்சு. ஒன் பன்ச் மேன் 2015 சீசன் அப்படி வந்ததற்குப் பணத்தைவிட, இயக்குநர் ஷிங்கோ நட்சுமே தனக்குத் தெரிந்த திறமையான ஃப்ரீலான்ஸ் அனிமேட்டர்களைத் திரட்டிக்கொண்டு வந்தது பெரிய காரணம். 2019இல் இரண்டாவது சீசன் வேறு ஸ்டூடியோ, வேறு இயக்குநர் கைக்குப் போனது, வித்தியாசம் கண்ணிலேயே தெரிந்தது.

கடைசியாக, ஓடுகிற சண்டையை பாஸ் செய்து, கோணிப்போன முகத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கேலி செய்வதை நிறுத்துவோமே. நருட்டோ ஷிப்புடென் தொடரின் 167ஆவது எபிசோடில், உள்ளே ஒன்பது வால் நரி அடைபட்டிருக்கும் நாயகன் நருட்டோ, பெயின் என்ற வில்லனோடு மோதும் சண்டைக்கு இதுதான் நேர்ந்தது. நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் இடத்தில், வேகத்தைக் காட்ட உருவத்தை வேண்டுமென்றே இழுத்து வளைத்து வரைவார்கள். நிறுத்தினால் ரப்பர் பொம்மை, ஓடவிட்டால் ஒன்பது வால் நரியின் வெறி.