டோர்ஷன் பாரைக் கழற்றுமுன் ஒரு கோடு போடுங்கள்

பிக்கப்பின் முன்பக்க டோர்ஷன் பாரை (முறுகி நின்று ஸ்பிரிங் போல வண்டியைத் தாங்கும் நீளமான இரும்புத் தண்டு) கழற்றும் முன், அதை முறுக்கி வைத்திருக்கும் போல்டில் நட்டுக்கு வெளியே எத்தனை மில்லிமீட்டர் மரை நீண்டிருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். பாரும் அதன் பிடியும் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு பெயின்ட் கோடும் போடுங்கள். இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனியாக. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அவை முறுகும் திசை வேறு, மாற்றிப் பூட்டக்கூடாது.

பாரின் முனை பல் பல்லாக வெட்டப்பட்டது. ஒரு பல் தள்ளிப் பூட்டினாலே வண்டி ஒரு பக்கம் சாயும், திரும்பவும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கோடும் அளவும் இருந்தால் பழைய உயரம் முதல் தடவையிலேயே வந்துவிடும்.

யாழ்ப்பாணக் கடலோரத்தில், காரைநகர், ஊர்காவற்துறைப் பக்கம் ஓடும் பழைய ஹைலக்ஸ் பிக்கப் என்றால் முதல் நாள் இரவே போல்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். உப்புக் காற்று சும்மா விடாது. அப்புறம், முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சில்லுகள் தொங்கிய பிறகே போல்டைத் தளர்த்துங்கள். முறுக்கோடு கழற்றினால் கை போகும்.

புதுப் பார் போடும்போது பழைய கோடு உதவாது. சமதரையில் இரு பக்க உயரத்தையும் அளந்துதான் சரிசெய்ய வேண்டும், பிறகு வீல் அலைன்மென்டும் பார்க்க வேண்டும். போல்டை இறுக்கினால் சஸ்பென்ஷன் பலமாகும் என்று சிலர் சொல்வார்கள். உயரம் மட்டும்தான் கூடும்.