நோயாளி ஏறியிருந்தாலும் தடை தடைதான்: தொண்டு விமானப் பயணங்களில் நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்களில் சிலர், தொலைதூர மருத்துவமனைக்குப் போக வசதியில்லாத நோயாளிகளைக் காசு வாங்காமல் கூட்டிப் போகிறார்கள். விமானம் அவர்களுடையது, எரிபொருள் செலவும் பெரும்பாலும் அவர்களுடையதே. ஏஞ்சல் ஃப்ளைட் போன்ற அமைப்புகள் நோயாளியையும் விமானியையும் இணைத்துவிடுகின்றன. புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவர், அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபரிசோதனைக்குப் போகும் குழந்தை, இப்படிப்பட்டவர்கள்தான் பயணிகள். நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் அதிபர் அந்தப் பக்கம் வருகிறார் என்று வான்வெளியை மூடினால் இந்த விமானமும் வெளியேதான் நிற்க வேண்டும். நோயாளிகளின் குடும்பத்தார் மட்டுமல்ல, சில விமானிகளும் சறுக்குவது இங்கேதான்.

முதல் தவறு, மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய்: ‘மருத்துவப் பயணம்தானே, விட்டுவிடுவார்கள்’ என்ற நினைப்பு. சட்டம் பயணியின் நோயைப் பார்ப்பதில்லை, விமானம் எந்த வகையில் பறக்கிறது என்பதைப் பார்க்கிறது. ஏர் ஆம்புலன்ஸ் என்பது உரிமம் பெற்ற நிறுவனம், கட்டணம் வாங்கி, மருத்துவப் பணியாளர்களோடு இயக்கும் சேவை. அது அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் பகுதி 135 விதிகளின் கீழ் வரும். தொண்டு விமானியோ அதே சட்டத்தின் பகுதி 91-இன் கீழ் பறக்கும் தனியார் விமானி. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகப் பறக்கிறவருக்கும் அவருக்கும் சட்டத்தின் கண்ணில் வித்தியாசம் கிடையாது. உள்ளே இருக்கும் நோயாளி தானே ஏறி உட்காரக்கூடியவராக, நிலை சீராக உள்ளவராக இருக்க வேண்டும் என்று அந்த அமைப்புகளே நிபந்தனை போடுகின்றன. அதாவது இது அவசர ஊர்தி அல்ல என்று முதலிலேயே ஒப்புக்கொண்டாகிவிட்டது.

அதிபர் பயணத்துக்கான தற்காலிகத் தடை வழக்கமாக இரண்டு வளையமாக இருக்கும். நடுவிலிருந்து 10 கடல் மைல், ஏறத்தாழ 18.5 கிலோமீட்டர், உள்வளையம். அதற்கு வெளியே 30 கடல் மைல் வரை வெளிவளையம். உயரம் 18,000 அடிக்குச் சற்றுக் கீழே வரை. உள்வளையத்துக்குள் காவல்துறை, ராணுவம், முன்அனுமதி பெற்ற ஏர் ஆம்புலன்ஸ், பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் பெற்ற பயணிகள் விமான நிறுவனங்கள், சரக்கு விமானங்கள் ஆகியவற்றுக்கு வழி உண்டு. தொண்டு விமானம் அந்தப் பட்டியலில் இல்லை. ஏர் ஆம்புலன்ஸுக்கே ‘முன்அனுமதி பெற்ற’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். 2017-இல் அதிபர் ஃபுளோரிடாவில் தன் மார்-அ-லாகோ மாளிகையில் தங்கிய வார இறுதிகளில், பக்கத்திலிருக்கும் லான்டானா என்ற சிறு விமான நிலையத்தில் தனியார் விமானங்கள் தரையிலேயே கிடந்தன. அங்கே விமானம் நிறுத்தியிருப்பவர் எவ்வளவு நல்ல மனசுக்காரராக இருந்தாலும் அன்றைக்கு யாரையும் கூட்டிப் போக முடியாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. தடை என்ற சொல்லைக் கேட்டதுமே பயணத்தை ரத்து செய்துவிடுவது. வெளிவளையத்துக்குள் இருக்கும் விமான நிலையத்தில் இறங்கலாம், கிளம்பலாம். ஃப்ளைட் பிளான் பதிந்திருக்க வேண்டும், ராடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பாண்டர் கருவியில் தனக்கென்று கொடுக்கப்பட்ட எண் தரையைவிட்டுக் கிளம்பும் முன்பே ஓட வேண்டும், வான்போக்குவரத்தைக் கவனிக்கும் கண்ட்ரோலரோடு பேச்சு அறுபடக் கூடாது, சுற்றிக்கொண்டு நிற்கக் கூடாது. அவ்வளவுதான். உள்வளையத்து விமான நிலையத்தை விட்டு, வெளிவளையத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மிச்சத் தூரம் காரில் அரை மணியோ முக்கால் மணியோ ஆகும்.

சிலர் குறுக்குவழி பார்க்கிறார்கள். ஃப்ளைட் பிளானில் ‘மெட்எவாக்’ என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. அந்தக் குறியீடு உயிருக்கு ஆபத்தான அவசர நிலைக்கு உரியது. மருத்துவ அதிகாரிகள் அறிவித்த, அந்த அளவுக்கு அவசரமில்லாத பயணத்துக்கு ‘ஹாஸ்ப்’ என்று வேறொரு குறியீடு இருக்கிறது. தொண்டுப் பயணங்களுக்கென்றே ‘கம்பாஷன்’ என்ற அழைப்புப் பெயரும் உண்டு. ரேடியோவில் அதைக் கேட்டால் இது என்ன பயணம் என்று கண்ட்ரோலருக்குப் புரியும். ஆனால் அது தடைக்குள் நுழையும் அனுமதிச் சீட்டு அல்ல.

அடுத்தது நேரக் கணக்கு. என் கணிப்பில், கவனமானவர்களையும் கவிழ்ப்பது இதுதான். தடை அறிவிப்பு நோட்டாமாக, அதாவது விமானிகளுக்கான அதிகாரப்பூர்வ அறிவிப்பாக வரும், அதில் எல்லாம் உலகப் பொது நேரம். ஒரு கற்பனை உதாரணம்: கோடைக்காலத்தில், கிழக்குக் கடற்கரையில், தடை 12-ஆம் தேதி 23:45 முதல் 13-ஆம் தேதி 01:30 வரை என்று இருக்கிறது. அசதியில் படிக்கிறவர் கண்ணில் ‘13’ மட்டும் படும். நாளைக்குத்தானே என்று விட்டுவிடுவார். அதிலிருந்து நான்கு மணி நேரத்தைக் கழித்துப் பாருங்கள்: 12-ஆம் தேதி இரவு 7:45 முதல் 9:30 வரை. நோயாளியை இறக்கிவிட்டு அவர் தனியாக வீடு திரும்பும் நேரம் சரியாக அதுதான். குளிர்காலம் என்றால் ஐந்து மணி நேரம் கழிக்க வேண்டும்.

அதோடு, முந்தின இரவு பார்த்துவிட்டுத் தூங்கி எழுந்து கிளம்புவது போதாது. அதிபரின் பயணத் திட்டம் மாறினால் நோட்டாமும் மாறும். கிளம்பும் முன் ஒரு முறை, நடுவில் இறங்கி எரிபொருள் போட்டால் மறுபடியும் ஒரு முறை பார்க்க வேண்டும். டேப்லெட்டில் தெரியும் சிவப்பு வட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். படம் வந்து சேராமல் போவதுண்டு, எழுத்தில் உள்ளதுதான் செல்லும். விமானிகளுக்குத் தகவல் சொல்லும் ஃப்ளைட் சர்வீஸுக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது பழைய பாணியாகத் தெரியலாம், ஆனால் கேட்டதற்குப் பதிவு இருக்கும்.

வாஷிங்டன் பக்கம் போகிறவர்களுக்கு இது தனிப் பாடம். அங்கே தடை தற்காலிகம் அல்ல. 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் தொடர்ச்சியாக 2003-இல் வந்த ஏற்பாடு, 2009 பிப்ரவரியில் நிரந்தர விதியாகிவிட்டது. ரீகன் விமான நிலையத்தை மையமாக வைத்து 30 கடல் மைல் சிறப்பு விதிப் பகுதி, அதன் நடுவே இன்னும் கடுமையான இன்னொரு பகுதி. பெத்தெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவன மருத்துவமனைக்கு நோயாளிகள் போய்வருவதால், தொண்டு விமானிகளுக்கு இந்த வட்டாரம் தவிர்க்க முடியாதது. மேரிலாண்டின் கெய்தர்ஸ்பர்க் விமான நிலையம் சிறப்பு விதிப் பகுதிக்குள், ஆனால் நடுப்பகுதிக்கு வெளியே இருக்கிறது. இன்னும் வடக்கே ஃபிரெடெரிக் முழுக்கவே வெளியே. ஆனால் அங்கிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளினால் அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டின் தடைப்பகுதி, அதிபர் அங்கே இருந்தால் அது இன்னும் விரியும்.

இங்கே கண்பார்வை விதியில், அதாவது கருவிகளை நம்பாமல் வெளியே பார்த்து, பறக்கிறவர்கள் செய்யும் தவறு, சாதாரண ஃப்ளைட் பிளான் போதும் என்று எண்ணுவது. சிறப்புப் பகுதிக்கென்றே தனி பிளான் பதிய வேண்டும், எண் வாங்க வேண்டும், ரேடியோத் தொடர்பு ஏற்பட்ட பிறகே நுழைய வேண்டும். 60 கடல் மைலுக்குள் கண்பார்வை விதியில் பறக்க, ஒரு தடவை முடிக்க வேண்டிய இணையப் பயிற்சியும் கட்டாயம். வானிலை நன்றாக இருக்கிறதே என்று நடுவழியில் கருவி விதிப் பயணத்தை ரத்து செய்து, பழக்க தோஷத்தில் கண்பார்வைப் பயணத்துக்கான பொது எண்ணான 1200-ஐ அழுத்திவிட்டால் அந்த விரல் அசைவே மீறல்தான்.

விளையாட்டு அரங்கங்களையும் மறந்துவிடுகிறார்கள். 30,000 பேரோ அதற்கு மேலோ அமரும் அரங்கில் பெரிய லீக் பேஸ்பால், தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பால் போன்ற ஆட்டம் நடந்தால், 3 கடல் மைல் ஆரத்தில், தரையிலிருந்து 3,000 அடி வரை, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை தடை. எந்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்று நிரந்தர நோட்டாம் சொல்லாது, நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

இப்போது நோயாளி வீட்டார் பக்கம். விமானம் உறுதி என்று நினைத்து, காலை 8 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கி, அன்று அதிகாலையில் கிளம்புவது பெரிய தவறு. நீண்ட பயணத்தை இரண்டு மூன்று விமானிகள் பங்குபோட்டு, ஒருவர் இறக்கிவிட அடுத்தவர் ஏற்றிக்கொள்வார். நடுவில் ஒரு விமான நிலையம் தடைக்குள் மாட்டினால் சங்கிலி அறுந்துவிடும். முந்தின நாளே போய்விடுவது நல்லது. மாற்று வழி, அது பஸ்ஸோ காரோ விமான டிக்கெட்டோ, கையில் இருக்கட்டும். தேதி தள்ளினால் எந்த நர்ஸிடம் சொல்ல வேண்டும் என்பதை முன்பே கேட்டு வையுங்கள். இரண்டு நாளுக்கான மருந்தை அதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பும் நாளிலும் தடை வரலாம். அப்புறம், வர முடியாது என்கிற விமானியைக் கெஞ்ச வேண்டாம். அவர் லைசென்ஸை அடகு வைத்துத்தான் உங்கள் கெஞ்சலுக்கு இணங்க முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் தெரியாமல் நுழைந்துவிட்டார், பக்கத்தில் போர் விமானம் வந்து இறக்கையை ஆட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று திரும்பி ஓடுவதுதான் அப்போது செய்யக்கூடிய மோசமான காரியம். பதிலுக்கு இறக்கையை ஆட்டி, அது போகும் வழியில் பின்தொடர்ந்து, 121.5 என்ற அவசர அலைவரிசையில் பேச வேண்டும். பின் இருக்கையில் இருக்கும் நோயாளிக்கும் ஒரு வார்த்தை சொல்லலாம், ஜன்னலில் அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இறங்கியதும் விசாரணை வரும், லைசென்ஸ் சில வாரங்களோ மாதங்களோ நிறுத்தப்படலாம். வேண்டுமென்றே செய்யாத தவறு என்றால், நாசா நடத்தும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்கு எழுதிப் போட்டால் தண்டனையிலிருந்து தப்ப வாய்ப்புண்டு, மீறல் மட்டும் பதிவில் இருக்கும். அதற்குக் கெடு 10 நாட்கள். 11-ஆம் நாள் ஞாபகம் வந்து எழுதினால் அந்தச் சலுகை கிடையாது.