மட்டக்களப்புல ஒரு பின்னேரம் நடந்து திரிஞ்சு படம் பாக்கிறது எப்பிடி

படம் பாக்கப் போறன் எண்டா எங்கட வீட்ட எந்தத் தியேட்டர் எண்டுதான் கேப்பாங்க, நான் சொல்றது சுவத்தில கொழுவியிருக்கிற படம்.

முதல் வேலை, நாள் பாக்கிறது. கேலரி கேலரியா ஏறி இறங்க இது கொழும்பு இல்ல, அதனால கண்காட்சி நடக்கிற நாளாப் பாத்துத்தான் வெளிக்கிடணும். கல்லடியில கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குரிய சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்குத்தானே, அங்க ஓவியம் சிற்பம் படிக்கிற பிள்ளைகள் கண்காட்சி வைக்கிற நேரத்தப் பிடிங்க. பேஸ்புக்ல தேடுங்க, இல்லாட்டி அங்க படிக்கிற பிள்ளை ஒண்டு உங்கட ஒழுங்கையிலயே இருக்கும், எத்தின மணிக்குப் பூட்டுவாங்க எண்டும் சேத்துக் கேட்டு வைங்க.

வெயில் தாழக்குள்ள புளியந்தீவுல கோட்டையடியில தொடங்குங்க. 1628ல போத்துக்கீசர் கட்டினது, 1638ல ஒல்லாந்தர் பிடிச்சிட்டாங்க. வரலாறு கிடக்கட்டும், அந்தச் சுவர்ல வெளிச்சம் எங்க விழுது, நிழல் என்ன நிறமாத் தெரியுது எண்டு அஞ்சு நிமிசம் பாருங்க, கண்ணுக்கு அது ஒரு பயிற்சி. மறுகா கல்லடிப் பாலத்துக்கு நடங்க, ஏலாட்டி ஓட்டோ. 2013ல புதுப்பாலம் திறந்தாப்போல பழைய இரும்புப் பாலத்துல ஆறுதலா நடக்கலாம்.

பாலம் தாண்டி கண்காட்சிக்கு உள்ள போனா எல்லாரும் செய்ற பிழை முதலாவது படத்துக்கு முன்னாலயே அரை மணித்தியாலம் நிண்டு களைச்சுப் போறது. நிக்காம ஒரு சுத்துச் சுத்துங்க. எந்தப் படம் உங்களத் திரும்பிப் பாக்க வைக்குதோ அதுக்கிட்ட மட்டும் கிறுகி வாங்க. தூரத்துல நிண்டு பாருங்க, பிறகு கிட்டப் போய் தூரிகை போன வழியப் பாருங்க, கை மட்டும் வைக்கப்படாது, விரல்ல இருக்கிற எண்ணெயும் வேர்வையும் நிறத்தக் கெடுத்திரும், பிளாஷ் போட்டு போட்டோவும் வேணாம். பக்கத்துத் துண்டுல பேர், வருசம், எதால செஞ்சது எண்டு இருக்கும், கலப்பு ஊடகம் எண்டு போட்டிருந்தா பெயின்டோட துணி கடதாசி எண்டு வேற சாமானும் சேர்ந்திருக்கு எண்டு அர்த்தம், அது என்னெண்டு தேடிப் பாக்கிறதே நல்ல விளையாட்டு. கூத்தாடி ஒராள் படத்துல நிண்டா உடுப்பப் பாருங்க, வளையம் வச்சு விரிஞ்ச கரப்புடுப்பு எண்டா வடமோடி, எங்கட கூத்துல ஒரு வகை.

வரைஞ்ச பிள்ளை பக்கத்துல நிண்டா "இதுக்கு என்ன கருத்து?" எண்டு மட்டும் கேட்டுராதீங்க, பாவம், அந்தப் பிள்ளை பாடமாக்கின பதிலத்தான் சொல்லும். "தங்கச்சி, இத முதல்ல எங்கயிருந்து தொடங்கின நீங்க?" எண்டு கேளுங்க, கதை தன்பாட்டுல வரும். விளங்காட்டி விளங்கல்ல எண்டு சொல்றதுல வெக்கமில்ல.

திரும்பி வரக்குள்ள கச்சான் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு பாலத்துல வாவியப் பாத்துக்கொண்டு நில்லுங்க, கூட வந்தவங்களிட்ட எந்தப் படம் மனசுல நிக்குது எண்டு கேளுங்க. நான் கேட்டதுக்கு என்ட மச்சாள் சொன்னது, படத்துக்குப் பின்னால ஒளிச்சிருந்த பல்லியாம்.