கத்தாழை மீனில் புதிய பேரினம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சையனிடே எனப்படும் கத்தாழைக் குடும்பத்தில் ஏற்கெனவே 60-க்கும் மேற்பட்ட பேரினங்கள் (நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் தொகுதிகள்) உள்ளன. இன்னொன்றைச் சேர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வெளித்தோற்றத்தை நம்பித்தான். நிறம், செதில், துடுப்புக் கதிர்களின் எண்ணிக்கை எல்லாம் இந்தக் குடும்பத்தில் ஆளை ஏமாற்றும். வயிற்றைத் திறந்து காற்றுப்பையைப் பார்க்க வேண்டும். ஜானியஸ் என்ற பேரினத்தில் அது சுத்தியல் வடிவம்; வேறு பலவற்றில் கேரட் வடிவம், இருபுறமும் கிளை கிளையாகப் பிரியும் இழைகள். 1977-இல் இந்திய-மேற்குப் பசிபிக் கத்தாழைகளை வகைப்படுத்திய எத்தெல்வின் டிரெவாவாஸும் காற்றுப்பையையும், மீனின் உட்காதில் இருக்கும் சிறு கல்லான செவிக்கல்லையும்தான் பெரிதும் நம்பினார்.

அந்த இழைகள் மெல்லியவை, உடற்சுவரை ஒட்டிக் கிடப்பவை. அவசரமாகக் கீறினால் அறுந்துவிடும். பிறகு எத்தனை ஜோடி என்று எண்ணுவது வீண். காற்றுப்பைக்கு நல்ல விலை உண்டு என்பதால், சந்தைக்கு வரும் பெரிய மீன்களில் சில நேரம் அது இருக்கவே இருக்காது. அப்படிப்பட்ட மீனை, புதிய பெயருக்கு ஆதாரமாக நிற்கும் முதன்மை மாதிரியாக வைக்காதீர்கள். ஃபார்மலினும் ஒரு வில்லன்: அதன் அமிலத்தை முறிக்காமல் விட்டால் செவிக்கல் அரிக்கப்பட்டுவிடும். மரபணுவுக்கான தசைத்துண்டை அதற்கு முன்பே வெட்டி எத்தனாலில் போட்டுவிட வேண்டும்.

சரி, மரபணு மட்டும் போதுமா? ஒரே ஒரு மரபணுப் பகுதியில் வித்தியாசம் தெரிகிறது என்பதற்காகப் பேரினம் உருவாக்குவது துணிச்சல்தான், ஆனால் நிற்காது. உங்கள் மீனைப் பிரித்தெடுத்த பிறகு, பழைய பேரினத்தில் மிஞ்சியவை ஒரே மூதாதையின் முழுக் கிளையாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பெயரில் நடக்கும் தவறு இன்னும் சங்கடமானது. வழக்கொழிந்த பழைய பேரினப் பெயர் ஒன்றின் வகைச் சிற்றினம் (அந்தப் பெயருக்கு அடையாளமாகக் குறிக்கப்பட்ட சிற்றினம்) உங்கள் குழுவுக்குள் இருந்தால், அந்தப் பழைய பெயருக்கே முன்னுரிமை. நீங்கள் யோசித்து வைத்த பெயர் வெறும் இணைப்பெயர், அதாவது அதே குழுவுக்குப் பின்னால் வந்த இன்னொரு பெயர். வண்டுக்கோ நத்தைக்கோ அதே பேரினப் பெயர் முன்பே இருந்தாலும் செல்லாது. கட்டுரையில் வகைச் சிற்றினத்தைக் குறிப்பிட மறந்தால், 1930-க்குப் பிந்தைய பெயர் எதுவும் விலங்குப் பெயரிடல் விதிப்படி ஏற்கப்படாது. இணையத்தில் மட்டும் வெளியிடுகிறீர்கள் என்றால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிவு கட்டாயம். பதிவான விவரம் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அப்புறம், அறிவியல் பெயரின் இலக்கணப் பால்: சிற்றினப் பெயரின் ஈறு பேரினப் பெயரின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். சையீனா ஜப்பானிக்கா என்று பெயரிடப்பட்ட மீன் ஆர்ஜிரோசோமஸ் பேரினத்துக்கு மாறியபோது ஜப்பானிக்கஸ் ஆனது. புதுப் பேரினத்தின் பாலை முதல் கட்டுரையிலேயே எழுதிவிட்டால் இந்த ஈறு பற்றிய சச்சரவு வராது.